நாற்பதில் ஒருவருக்கான தேர்வும் முப்பத்தொன்பது பேருக்கான கல்வியும்

குளிர்காலச் சனிக்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொன்றரை மணிக்கு, இந்தியாவின் பல மாநிலங்களில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இலட்சக்கணக்கில் ஒரே வேளையில் தேர்வெழுத அமர்கிறார்கள். ஜவஹர் நவோதயா வித்யாலயங்களின் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வு அது. இரண்டு மணி நேரம், 80 வினாக்கள், 100 மதிப்பெண்கள். எழுதும் குழந்தைக்கு வயது பெரும்பாலும் பத்து அல்லது பதினொன்று. ஒரு முறை எழுதிய குழந்தை மறுமுறை எழுத விதிகளில் இடமில்லை. குடிமைப் பணித் தேர்வில்கூட ஒருவருக்குப் பல வாய்ப்புகள் உண்டு. பத்து வயதுக் குழந்தைக்கோ ஒரே வாய்ப்பு.

அந்த இரண்டு மணி நேரத்துக்குக் குழந்தையை எப்படித் தயார்ப்படுத்துவது என்ற கேள்வி கிராமப்புறக் குடும்பங்களில் மிகுந்த கவலையோடு கேட்கப்படுகிறது. கல்விப்புலத்தில் இருப்போர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நுழைவுத் தேர்வு பற்றிய ஆய்வுகளும் விவாதங்களும் பொறியியல், மருத்துவப் படிப்புகளோடு நின்றுவிடுகின்றன. ஆயினும் தெரிவு என்னும் வாயில் அவற்றுக்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே, தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கான தயாரிப்பை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே இங்கு எழும் வினா. வெற்றி பெற்றோரின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்வதே உலக வழக்கம். தேர்வு பெறாத குழந்தையிடம் என்ன எஞ்சுகிறது என்பதே நேர்மையான அளவுகோல்.

இதன் காரணம் எளிய கணக்கில் உள்ளது. நாட்டில் 650க்கும் மேற்பட்ட நவோதயா பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறாம் வகுப்பில் சேர்வோர் அதிகபட்சம் 80 பேர். ஆக, ஆண்டுக்குக் கிடைக்கக்கூடிய இடங்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம். விண்ணப்பங்கள் இருபது இலட்சத்தைக் கடந்த ஆண்டுகள் உண்டு. அத்தகைய ஆண்டில் நாற்பது பேரில் ஒருவருக்கு மேல் இடமில்லை. நாற்பது குழந்தைகளும் எத்தனை சிறப்பாகத் தயாரானாலும் முப்பத்தொன்பது பேர் வெளியே நிற்க வேண்டும் என்பது தேர்வின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனவே, தேர்ச்சிக்கு மட்டும் பயன்பட்டு வேறெதற்கும் உதவாத தயாரிப்பு, முப்பத்தொன்பது குழந்தைகளின் ஓராண்டையோ ஈராண்டையோ வீணாக்கும் செயலாகிறது.

நவோதயா திட்டத்தின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. 1985-86இல் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தின் அமராவதியிலும் சோதனை முறையில் தொடங்கப்பட்ட இப்பள்ளிகள், 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் வழியே நாடெங்கும் விரிந்தன. குடும்பத்தின் பொருளியல் நிலை எதுவாயினும், திறன்மிக்க கிராமப்புறக் குழந்தைக்குத் தரமான உறைவிடக் கல்வியை அளிப்பது அதன் குறிக்கோள். 75 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் கிராமப்புறக் குழந்தைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண்குழந்தைகளுக்கு. பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளுக்கு மாவட்ட மக்கள்தொகையை ஒட்டிய ஒதுக்கீடு. உணவு, உறைவிடம், சீருடை, பாடநூல் ஆகியவை இலவசம். இந்தப் பள்ளிகளிலிருந்து உயர்கல்விக்கு வந்த முதல் தலைமுறை மாணவர்கள் இன்று மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு விடுதிகளில் கணிசமாக இருக்கிறார்கள். அவ்வகையில் இத்திட்டத்தின் பயன் மறுக்க இயலாதது.

தேர்வின் அமைப்பும் இந்த நோக்கத்தை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. மனத்திறன் பகுதிக்கு 40 வினாக்கள், 50 மதிப்பெண்கள். கணக்குக்கு 20 வினாக்கள், 25 மதிப்பெண்கள். மொழிக்கு 20 வினாக்கள், 25 மதிப்பெண்கள். மனத்திறன் வினாக்களில் சொற்கள் இல்லை, உருவங்களே உள்ளன. கூட்டத்தில் சேராத உருவத்தைக் கண்டறிதல், வரிசையின் அடுத்த உருவத்தைச் சொல்லுதல், கண்ணாடிப் பிம்பம், மடித்துத் துளையிட்ட தாளை விரித்தால் எப்படித் தோன்றும் என்று ஊகித்தல், சிக்கலான உருவத்துக்குள் மறைந்திருக்கும் சிறு வடிவத்தைத் தேடுதல் எனப் பத்து வகைகள். பாதி மதிப்பெண்களை உருவங்களுக்கு ஒதுக்கியதன் பின்னுள்ள எண்ணம் வெளிப்படையானது: நல்ல பள்ளி வாய்க்காத குழந்தையும் தன் இயல்பான அறிவால் முன்னேற வேண்டும், கற்பிக்கப்பட்டதை அளவிடாமல், கற்கும் ஆற்றலை அளவிட வேண்டும்.

அந்த எண்ணம் நடைமுறையில் தலைகீழானது. பள்ளிப் பாடத்தில் உருவ வினாக்கள் இல்லை. ஆகவே அவற்றை முன்பே பார்த்த குழந்தைக்கும் தேர்வறையில்தான் முதன்முதல் பார்க்கும் குழந்தைக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியே சந்தையானது. வடமாநிலச் சிறுநகரங்களில் நவோதயா, சைனிக் பள்ளித் தேர்வுகளுக்கென்றே பயிற்சி மையங்களும் விடுதிகளும் இயங்குகின்றன. பெயர் கிராமப் பள்ளியின் பதிவேட்டிலும் பிள்ளை நகரத்து விடுதியிலும் இருக்கும் நிலை அங்கு அரிதன்று. கிராமப்புற ஒதுக்கீட்டின் நோக்கம் அவ்விடத்தில் தோற்றுப்போகிறது. எந்த அளவீடும் வாழ்வைத் தீர்மானிக்கும் கருவியாகும்போது அது அளக்க வந்ததையே சிதைக்கத் தொடங்கும் என்று டொனால்ட் கேம்ப்பெல் 1970களில் சுட்டிக்காட்டியதற்கு இதைவிடச் சிறிய வயதுச் சான்று கிடைப்பது கடினம்.

பயிற்சியின் பயன் எவ்வளவு என்பதும் புதிய கேள்வியன்று. இங்கிலாந்தில் பதினொரு வயதுக் குழந்தைகளை இலக்கணப் பள்ளிகளுக்குத் தெரிவு செய்த தேர்வில் நுண்ணறிவுச் சோதனைகள் பெரும்பங்கு வகித்தன. அச்சோதனைகளில் பயிற்சி மதிப்பெண்ணை உயர்த்துமா என்பதை 1950களில் ஃபிலிப் வெர்னன் போன்ற உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். உயர்த்தும் என்பதே விடை. ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு: கிடைக்கும் உயர்வின் பெரும்பகுதி முதற்சில மணிநேரப் பழக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது, அதன்பின் வளர்ச்சி தேங்குகிறது. வினாவின் வகையைக் குழந்தை புரிந்துகொண்டதும், அறிமுகமின்மையால் வந்த அச்சம் விலகியதும் உயர்வு நின்றுவிடுகிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. அந்தச் சில மணிநேரப் பழக்கம் கிடைக்காத குழந்தைக்கு உண்மையாகவே அநீதி நிகழ்கிறது. அதற்கு மேல் ஈராண்டுக் கட்டணம் வாங்கும் பயிற்சி, பெரும்பாலும் பெற்றோரின் அச்சத்தை விற்றுக் காசாக்குகிறது.

ஆனால் மீதிப் பாதி மதிப்பெண்களின் கதை வேறு. மொழிப் பகுதியில் நான்கு பத்திகள் தரப்பட்டு ஒவ்வொன்றிலும் ஐந்து வினாக்கள் கேட்கப்படுகின்றன. கணக்குப் பகுதியில் நான்கு அடிப்படைச் செயல்களும் பின்னமும் தசமமும் அளவைகளும் சுற்றளவும் பரப்பும் இடம்பெறுகின்றன. இவை சில மணிநேரப் பழக்கத்தால் வருபவை அல்ல. ஏசர் ஆய்வுகள் காட்டுவதன்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்பில் படிப்போருள் ஏறத்தாழ பாதிப் பேருக்கே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடிகிறது. வகுத்தல் கணக்கைச் செய்ய முடிந்தோர் சுமார் 30 விழுக்காடு. ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாத குழந்தைக்கு ஐந்நூறு மாதிரி வினாக்களைக் கொடுப்பது, நடக்கப் பழகாத பிள்ளைக்குப் பந்தய உடுப்பு வாங்குவதை ஒக்கும்.

ஆகவே, குழந்தைக்கு உதவ விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை பெரும்பாலும் தேர்வின் பெயரைச் சொல்லாமலே செய்யத்தக்கவை. நாள்தோறும் இருபது நிமிடம் தாய்மொழியில் ஏதேனும் ஒன்றை வாசித்தல். முதலில் உரக்கவும் பின்னர் மனத்துக்குள்ளும். வாசித்தபின் நேரடி விடையுள்ள ஒரு கேள்வியும், ஊகித்துச் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியும் போதும். இரண்டாவது வகையில்தான் மொழிப் பகுதியில் பல குழந்தைகள் இடறுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம்: பிள்ளை படித்துக்காட்ட, கதையைக் கேட்டு, "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று அவர் கேட்டால் போதும்.

கணக்கில் விரைவு வாய்பாடுகளைவிட மதிப்பீடே முதன்மையானது. 398ஐ 21ஆல் பெருக்கினால் விடை எண்ணாயிரத்துக்கு அருகில் இருக்கும் என்பதை எழுதுவதற்கு முன்பே உணரும் குழந்தை, நான்கு விடைகளில் இரண்டை உடனே நீக்கிவிடும். ரொட்டியை எட்டாகப் பிரித்து மூன்றை எடுத்தால் எஞ்சுவது எவ்வளவு, அதே ரொட்டியை நான்காகப் பிரித்து ஒன்றை எடுப்பது அதைவிடப் பெரிதா சிறிதா என்ற உரையாடலில் பின்னம் உயிர்பெறுகிறது. கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரிபார்க்கும் பிள்ளைக்கு இலாப நட்டக் கணக்கு புதிதாகத் தோன்றுவதில்லை.

உருவ வினாக்களுக்கும் முதலில் தேவைப்படுவது பொருள். புத்தகம் பிறகு வரலாம். பழைய செய்தித்தாளை இரண்டாகவும் நான்காகவும் மடித்து, துளையிட்டு, விரிப்பதற்கு முன் எத்தனை துளைகள், எங்கெங்கே என்று ஊகிக்கச் சொல்லி, பின் விரித்துப் பார்க்கச் செய்தல். தன் பெயரை எழுதிக் கண்ணாடிமுன் பிடித்துப் பார்த்தல். அட்டையில் வெட்டிய முக்கோணங்களைச் சேர்த்துச் சதுரமாக்குதல். கையால் செய்து பார்த்த குழந்தை மனத்தால் செய்யக் கற்கிறது. முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கடைசி இரண்டு மாதங்களில் எடுத்தால் போதும். ஐந்தாறு தாள்களை நேரம் குறித்து எழுதுவது பழக்கத்துக்கு நிறைவானது.

சிறியனவாகத் தோன்றும் சில நடைமுறைகளும் உண்டு. தொடக்கப்பள்ளிக் குழந்தை அதுவரை பென்சிலால் எழுதியிருக்கும்; இத்தேர்வில் ஓ.எம்.ஆர். தாளில் பந்துமுனைப் பேனாவால் வட்டங்களை நிரப்ப வேண்டும். அழிப்பானுக்கு வேலையில்லை. ஒரு வரிசை தவறினால் தொடர்ந்து வரும் விடைகளும் தவறும். ஆகவே வட்டம் நிரப்புவதற்கே இரண்டு மூன்று முறை பயிற்சி வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. எனவே எந்த வினாவையும் வெற்றாக விட வேண்டியதில்லை. மனத்திறன் பகுதியில் ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் கிடைக்கும் என்பதும், புரியாத வினாவைத் தாண்டிச் சென்று பின்னர் திரும்பலாம் என்பதும் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை அனைத்தையும் கற்பிக்க ஒரு வார மாலைப்பொழுதுகள் போதும், கட்டணமும் வேண்டியதில்லை.

தயாரிப்பின் பட்டியல்களில் ஒருபோதும் இடம்பெறாத ஒன்று, குழந்தையின் விருப்பம். நவோதயா உறைவிடப் பள்ளி. தேர்வு பெற்றால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை வீட்டைவிட்டுப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில், ஒரு பகுதி மாணவர்கள் இந்தி பேசும் மாநிலங்களுக்கும் பேசாத மாநிலங்களுக்கும் இடையே ஓராண்டு இடம்பெயர்ந்து படிக்கும் ஏற்பாடும் உண்டு. தாயின் அருகே படுத்துறங்கும் குழந்தையிடம், "விடுதியில் இருக்க உனக்குச் சம்மதமா?" என்று தேர்வுக்கு முன்பே கேட்கும் குடும்பங்கள் குறைவு. முடிவு வந்தபின் கேட்கப்படும் கேள்வி, கேள்வியாக இருப்பதில்லை, கட்டளையாகிவிடுகிறது. சில நாள்கள் உறவினர் வீட்டில் தனித்துத் தங்கிப் பழகுவதும், தன் துணியைத் தானே துவைத்துப் பழகுவதும், அச்சத்தை வாய்விட்டுச் சொல்லப் பழகுவதும் மனத்திறன் வினாக்களைவிடச் சிறிய தயாரிப்புகள் அல்ல.

தோல்வியை எதிர்கொள்வதும் தயாரிப்பின் பகுதியே. முடிவு வருவதற்கு முன்பே, "இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆறாம் வகுப்பில் என்ன செய்யப்போகிறோம்" என்று வீட்டில் பேசப்பட்டிருக்க வேண்டும். பெயர் பட்டியலில் இல்லை என்று தெரியும் நாளில், பத்து வயதுப் பிள்ளை அதைத் தன் அறிவு பற்றிய தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும். நாற்பதில் ஒருவருக்கே இடம் என்ற கணக்கை அதற்குப் புரியும் மொழியில் முன்னரே சொல்லிவைப்பது பெரியவர்களின் கடமை. அந்த உண்மையைச் சொல்லாமல் ஈராண்டு ஓடவிட்டுப் பின்னர் ஆறுதல் கூறுவது காலந்தாழ்ந்த அன்பு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வசதியான குடும்பங்கள் தனியார் பள்ளிகளை விலைகொடுத்து வாங்கும் நாட்டில், ஏழைக் குடும்பத்துக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு இது. அக்கதவை நோக்கி ஓடுபவரிடம் "மெல்லப் போ, வாசிப்பின் இன்பத்தை நுகர்" என்று உபதேசிப்பது இடம் கிடைத்தோரின் சொகுசு என்பர். இம்மறுப்பில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் தந்தை அறியாமையால் அனுப்பவில்லை. ஊர்ப் பள்ளியின் மீது நம்பிக்கை இழந்ததால் அனுப்புகிறார். எனவே குற்றத்தை அவர்மீது சுமத்துவது பொருந்தாது. பயிற்சி கூடாது என்பதும் இங்கு வாதமன்று. பயனுள்ள பயிற்சி சில மணிநேரங்களே. எஞ்சியது அடிப்படைக் கல்வி. இரண்டையும் தர வேண்டிய இடம் ஊர்ப் பள்ளி என்பதே வாதம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் வாரத்தில் ஒரு மணிநேரத்தைத் தாள் மடிப்புக்கும் உருவ விளையாட்டுக்கும் ஒதுக்கி, ஆண்டிறுதிக்குள் இரண்டு முறை ஓ.எம்.ஆர். தாளை அறிமுகம் செய்துவிட்டால், விடுதிக் கட்டணம் செலுத்தியவருக்கும் செலுத்த இயலாதவருக்கும் இடையிலான இடைவெளியின் பெரும்பகுதி அடைந்துவிடும். அந்த ஒரு மணிநேரம் விண்ணப்பிக்காத குழந்தைகளுக்கும் பயன்படும்.

சட்டமும் கொள்கையும் இவ்விடத்தில் தம்முள் முரண்படுகின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையைத் தேர்வுக்கோ வடிகட்டலுக்கோ உட்படுத்துவதைத் தடைசெய்கிறது. அதே சட்டம் நவோதயா, சைனிக் பள்ளிகளைத் தனிவகைப் பள்ளிகளாகவும் குறிப்பிடுகிறது. அவற்றின் நுழைவுத் தேர்வுகள் தொடர்கின்றன. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பதினாறு வயதுக்குக் குறைந்தோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கலாகாது என்கின்றன. ஆனால் பத்து வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வு நடத்தும் அரசே, அத்தேர்வுக்கான பழக்கத்தைத் தன் தொடக்கப்பள்ளிகளில் தருவதில்லை. தடை மட்டும் விதித்து மாற்றுத் தராத இடத்தில் சந்தை பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டுக் கூடத்துக்கு இடம்மாறும், அவ்வளவே.

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லை; மாநிலத்தின் இருமொழிக் கொள்கையே அதற்குக் காரணம். அக்கொள்கையின் நியாயம் தனி விவாதத்துக்குரியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்பள்ளிகள் உண்டு; அங்கே தமிழிலேயே இத்தேர்வை எழுதலாம். தமிழ் வாசகருக்கு இத்தேர்வு தொலைதூரச் செய்தியன்று என்பதற்கு அதுவே போதும்.

கோத்தாரி ஆணையம் (1964-66) பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தபோது, நல்ல பள்ளியைத் தேடி எந்தக் குழந்தையும் ஊரைவிட்டு ஓட வேண்டாத நிலையையே கனவு கண்டது. இருபதாண்டுகளுக்குப் பின் வந்த கொள்கை, மாவட்டத்துக்கு ஒரு முன்னோடிப் பள்ளியை அமைத்து, அதன் ஒளி சுற்றுப்புறப் பள்ளிகளுக்கும் பரவும் என்று எதிர்பார்த்தது. பரவியதா என்பதை ஆராய்வது கல்விப்புல ஆய்வாளர்களின் பணி. உயர்நிலைத் தேர்வு முடிவுகளையும் முன்னாள் மாணவர்களின் சாதனைகளையும் எண்ணும் ஆய்வுகளோடு, தேர்வெழுதி இடம் பெறாத குழந்தைகள் அடுத்த மூன்றாண்டில் என்ன ஆனார்கள் என்று கேட்கும் ஆய்வும் வேண்டும். அத்தகைய ஆய்வேட்டுக்குத் தரவு ஒவ்வொரு கிராமத்திலும் காத்திருக்கிறது.

ஆய்வேடு முடிவதற்கு ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்றுண்டு. இத்தேர்வின் வழியே பல்கலைக்கழகம் வரை வந்த மாணவர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது தாம் படித்த தொடக்கப்பள்ளியில் ஒரு வாரம் அமரலாம். பழைய செய்தித்தாள்கள், ஒரு கத்தரிக்கோல், நகலெடுத்த சில ஓ.எம்.ஆர். தாள்கள், நல்ல கதைப் புத்தகங்கள் நான்கு. வேறு முதலீடு வேண்டியதில்லை. விண்ணப்பித்த பிள்ளைகளை மட்டும் தனியே பிரித்து அழைக்காமல், வகுப்பு முழுவதையும் அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. அவர்களுள் ஒருவருக்கு இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தடையின்றி வாசிக்கும் பழக்கத்தோடு ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையாவது அவ்வூரில் கூடியிருக்கும்.